ஆறரை மக் எண்ணெய்

ரசலையனை நினைத்தால் எனக்கு முதலில் வருவது தும்மல். மூக்குப்பொடி போடாமல் அவனுக்குக் கியர் விழாது. ஸ்டீரிங்கை ஒரு நொடி முழங்காலால் தாங்கிக்கொண்டு சர்ரென்று ஓர் இழுப்பு இழுப்பான். ஜன்னல் காற்றில் பாதிப் பொடி பின்சீட்டுக்கு வந்து சேரும். பின்சீட்டில் இருப்பது நான். அந்த வண்டியில் முதல் மூன்று வருஷம் தும்மாமல் இறங்கிய நாள் எனக்குக் கிடையாது. ஓசிச் சவாரிக்கு அது நியாயமான கூலி என்று வைத்துக்கொண்டேன்.

வண்டி என் அத்தானுடையது. என் அக்காள் தாணம்மாளின் கணவர் அவர், தாழக்குடி வள்ளிநாயகம் பிள்ளை. வயலும் தோப்புமாக வசதியான வீடு. நான் பூதப்பாண்டியில் தாலுகா கச்சேரி குமாஸ்தா. கல்யாணம் ஆகாதவன் என்பதால் சாப்பாடு, படுக்கை, மூக்கை நுழைப்பது எல்லாம் அக்காள் வீட்டில்தான்.

ரசலையனுக்கும் எனக்கும் ஒரே வயது. மயிலாடிப் பக்கத்து ஆள். யுத்தத்தில் அஸ்ஸாமிலிருந்து பர்மா எல்லை வரை லாரி ஓட்டியவன். பெட்ரோல் பீப்பாய்களுக்கு நடுவே பீடி பற்ற வைத்தால் பட்டாளத்தில் தோலை உரித்துவிடுவார்களாம். அதனால்தான் மூக்குப்பொடிக்குப் போனான். திரும்பி வரும்போது ஒரு வெள்ளை எனாமல் மக்கையும் கூடவே கொண்டுவந்தான். பட்டாளத்தில் டீ வாங்கிக் குடித்த மக். விளிம்பு வரை பிடித்தால் சரியாக ஒரு பைண்ட்.

ஊருக்கு வந்ததும் மலைத் தோட்டத்துத் துரை ஒருவரிடம் டிரைவராகச் சேர்ந்தான். 1950-இல் துரை சீமைக்குக் கப்பலேறினார். அவருடைய ஆஸ்டின் வண்டியை அத்தான் வாங்கினார். வண்டியோடு ரசலையனும் வந்தான். வண்டியை அத்தான் வாங்கினாரா, அத்தானை ரசலையன் வாங்கினானா என்று எனக்கு அப்போதே ஒரு சந்தேகம் உண்டு. ஏனென்றால் முதல் நாளே அவன்தான் கேள்வி கேட்டான்.

"மொதலாளி, இதுக்கு என்ன எண்ணெய் வாங்குவிய?"

"கடையில உள்ளத வாங்கு" என்றார் அத்தான்.

"அது பத்தாது மொதலாளி. முப்பதா, நாப்பதா?"

எண்ணெய்க்கு நம்பர் உண்டு என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். நம்பர் ஏற ஏற எண்ணெய் கட்டி. துரையின் வண்டிப் புத்தகத்தில் குளிர் தேசத்துக்கு முப்பது, வெயில் தேசத்துக்கு நாற்பது என்று போட்டிருந்தது. நாகர்கோவில் கடையில் எல்லாருக்கும் முப்பதுதான் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ரசலையன் டின்னைத் திருப்பி வைத்துவிட்டான். "இது சீமைக் குளிருக்குள்ள சாதனமாக்கும். ஆரல்வாய்மொழி வெயில்ல இது தண்ணியாப் போவும். நாப்பது வரட்டும், நான் நிக்கேன்" என்று கடை வாசலிலேயே நின்றான். பின்சீட்டில் நான் தும்மிக்கொண்டு காத்திருந்தேன்.

எண்ணெயின் வகை அப்படி என்றால் அளவு இன்னும் மோசம். ஆறரை மக். ஆறு மக் நிரப்பாக ஊற்றி, ஏழாவதைப் பாதியில் நிறுத்துவான். பிறகு வண்டியைச் சமதரையில் விட்டு, எண்ணெய் அடியில் போய்ச் சேர நேரம் கொடுத்து, அளவுக் கம்பியை உருவுவான். துடைப்பான். மறுபடி விட்டு மறுபடி உருவுவான். கம்பியின் அடியில் இரண்டு வரைகள் இருக்கும். மேல் வரைக்கு ஒரு நெல்மணி கீழே எண்ணெய் நின்றால் அவன் முகம் மலரும். தினமும் காலையில் கம்பியைப் பார்த்த பிறகுதான் வண்டி எடுப்பான். பால் கறக்கிறவன்கூட மாட்டை இத்தனை தடவை தடவிக் கொடுக்க மாட்டான்.

அக்காள் இதையெல்லாம் அடுக்களை ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பாள். அக்காளைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவளுக்குக் குறை என்றால் ஆகாது. வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும் நேரத்தில் அந்த வீட்டில் ஒரு பாத்திரம் குறையாக இருக்கக் கூடாது. விளக்கில் எண்ணெய் விளிம்பு தொட வேண்டும். குடத்தில் தண்ணீர் தளும்ப வேண்டும். நாழியில் நெல்லைக் கூம்பாகக் குவித்து முற்றத்தில் வைப்பாள். என் உப்புமாத் தட்டுக்கும் அன்றைக்கு இதே சட்டம்தான் என்பதால் நான் ஆட்சேபித்ததில்லை.

மூன்று வருஷம் ஒரு குறையும் இல்லாமல் போயிற்று. வம்பு வந்தது 1953 ஆனியில்.

ஒரு சனிக்கிழமை காலை ரசலையன் கம்பியை உருவிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றான். எண்ணெய் மேல் வரையைத் தாண்டி இரண்டு விரற்கடை ஏறி நின்றது. வண்டியில் எண்ணெய் குறையும், அதுதான் உலக வழக்கம். கூடுகிற வண்டியை அவன் அஸ்ஸாமிலும் பார்த்ததில்லை, பர்மாவிலும் பார்த்ததில்லை. கூடுதலாக இருந்ததை அடியில் இருந்த திருகைக் கழற்றி எடுத்தான். மக்கில் பிடித்துப் பார்த்தால் அரை மக். அடுத்த சில நாளில் மறுபடி கூடிவிட்டது. மறுபடி எடுத்தான். எடுத்ததை வில்வண்டி அச்சுக்குப் போட்டான். வீட்டு வில்வண்டி அந்த வருஷம் போல் எந்த வருஷமும் உருண்டதில்லை.

"பெட்ரோல் பம்பு கிழிஞ்சிருந்தா பெட்ரோல் எண்ணெய்ல எறங்கும் சாரே" என்று என்னிடம் சொன்னான். பம்பைக் கழற்றிப் பார்த்தான். கிழியவில்லை. கம்பியில் இருந்து ஒரு சொட்டைத் துணியில் வைத்துத் தீக்குச்சியைக் காட்டினான். பெட்ரோல் கலந்திருந்தால் குப்பென்று பிடிக்க வேண்டும், தண்ணீர் கலந்திருந்தால் சடசடக்க வேண்டும். இரண்டும் இல்லை. மொத்த எண்ணெயையும் மாற்றிப் பார்க்கலாம் என்றால் நாகர்கோவிலில் நாற்பது தீர்ந்துபோயிருந்தது. முப்பது இருந்தது. முப்பதை அவன் ஊற்றுவானா!

ஒரு மாதத்தில் வண்டி புகை கக்க ஆரம்பித்தது. நீலப்புகை. அதிலும் ஒரு வாடை. தோவாளைப் பூச்சந்தையைக் கடந்தால், பூ மணத்தையும் மீறி யாரோ பலகாரம் சுடுகிற மணம் அடிக்கும். "பிள்ளைக்க பிளஷரு காரு வந்தா தீவாளி வந்தாப்ல இருக்கு" என்று பூக்கட்டுகிறவர்கள் சிரிப்பார்கள். நாங்கள் எங்கே போனாலும் அக்காள் முந்திரிக்கொத்து டின் ஒன்றைக் கட்டிக் கொடுப்பாள், அந்த வாடைதான் என்று நாங்கள் நினைத்தோம். ரசலையனுக்கோ வாடையே தெரியவில்லை. பத்து வருஷம் பொடி ஏற்றிய மூக்கு அது.

சுசீந்திரத்துக்குப் போகும்போது ஒரு நாள் பின்னால் வந்த சைக்கிள்காரன் புகையில் வழி தெரியாமல் வாய்க்காலில் இறங்கிவிட்டான். அத்தானுக்கு அவமானமாகப் போயிற்று. அன்றைக்கு நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "அத்தான், இஞ்சின் போச்சு. வித்துருங்கோ. வேணும்னா பொறவு புதுசா ஒண்ணு வாங்கலாம்" என்றேன். கச்சேரியில் யாரோ பேசியதைக் கேட்டு நானும் பெரிய ஆள் மாதிரிச் சொன்னதுதான். அத்தான் திருநெல்வேலியில் நாராயணபெருமாள் என்ற ஜவுளிக்கடைக்காரருக்குக் கடிதம் எழுதினார். இஞ்சினில் புகை என்பதையும் மறைக்காமல் எழுதினார். இரண்டு வாரம் கழித்து வருகிற சனிக்கிழமை நேரில் வந்து பார்ப்பதாகப் பதில் வந்தது.

அப்புறம்தான் எனக்கு விஷயமே தெரிந்தது. ரசலையனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் லீலாபாய், பள்ளிக்கூடத்து வாத்திச்சி, கணக்கு எடுக்கிறவள். தகப்பனார் ஜேசுதாஸ் மயிலாடிக் கிறிஸ்தவ ஆலயத்தில் உபதேசியார். அவர்கள் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் பெயர் சொல்லி ஓலை வாசிப்பார்கள். யாருக்காவது ஆட்சேபணை உண்டானால் சொல்லலாம். முதல் ஓலை வாசித்தாயிற்று. அதற்குள் வண்டி விலைக்கு நிற்கிற சேதி உபதேசியார் காதுக்குப் போய்விட்டது.

அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் கண்டிப்பானவர். "தம்பி, உம்ம மேல எனக்கு ஒரு குத்தமும் இல்ல. ஆனா நெலச்ச வேலை இல்லாதவனுக்கு எனக்க மகளக் குடுக்க மாட்டேன். வண்டி போச்சுன்னா மூணாவது ஓலைய வாசிக்காண்டாம்னு நானே போதகர்ட்ட சொல்லிருவேன்" என்றாராம். மூன்றாவது ஓலை, நாராயணபெருமாள் வருகிற சனிக்கிழமைக்கு மறுநாள்.

இதைக் கேட்டபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. விற்கச் சொன்ன புண்ணியவான் நான் அல்லவா?

இரண்டாவது ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும் உபதேசியார் வீட்டில் ரசலையனுக்குச் சாப்பாடு. லீலாபாய் பரிமாறிக்கொண்டே கேட்டாளாம், "எண்ணெய் கூடுகுன்னு சொல்லுதீங்களே, என்னைக்கெல்லாம் கூடுகு?"

அவனிடம் பதில் இருந்தது. ஆனால் அவனுக்கே அது தெரியாது. எண்ணெய் கூட ஆரம்பித்ததிலிருந்து எங்கள் வீட்டு நாட்காட்டியில் தினமும் கிழிக்கிற தாளை அவன் வாங்கி வைத்துக்கொள்வான். காலையில் கம்பியில் இருக்கும் எண்ணெயை அந்தத் தாளில் ஒற்றி, எவ்வளவு உயரம் நனைந்திருக்கிறது என்று பென்சிலால் கோடு போடுவான். அப்படி நாற்பதுக்கு மேல் தாள்கள் சட்டைப் பையில் கட்டாக இருந்தன. எடுத்து நீட்டினான்.

லீலாபாய் அவற்றைத் தரையில் வரிசையாகப் பரப்பினாள். ஏழு ஏழாக. அவள் பரப்பிய பிறகு பார்த்தால் குழந்தைக்கும் தெரிந்திருக்கும். ஞாயிறு முதல் வெள்ளி வரை கோடு கீழே. சனிக்கிழமைத் தாள்களில் மட்டும் கோடு எகிறி நின்றது.

"இஞ்சினுக்குக் கிழமை தெரியுமா?" என்று கேட்டாள்.

"அது எப்பிடித் தெரியும்?"

"அப்பம் கிழமை தெரிஞ்ச யாரோ ஊத்துகாங்க." ஒரு சனிக்கிழமைத் தாளை எடுத்து மோந்து பார்த்தாள். அப்பாவிடமும் நீட்டினாள். உபதேசியார் மோந்துவிட்டு, "இது தோசைக்கு விடுக நல்லெண்ணெய்லா!" என்றாராம்.

ரசலையன் தாளை வாங்கி மூக்கிலேயே தேய்த்துப் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை. லீலாபாய்க்குக் கோபம் வந்துவிட்டது. "கண்ணு இருக்கு, காது இருக்கு. மூக்க மட்டும் பொடி வச்சு அடச்சு வச்சிருக்கீங்க. ஓலை வாசிச்சாலும் சரி, வாசிக்காட்டாலும் சரி, இனி அந்தப் பொடிப் பட்டையக் கண்டா நான் ஆத்துல எறிவேன்" என்றாள். அவன் அங்கேயே எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டான். இதை லீலாபாயே பிறகு ஒரு நாள் என்னிடம் சொன்னாள். சொல்லும்போது சிரித்தாள், கண்ணும் கலங்கியது.

திங்கட்கிழமை ரசலையன் என்னைத் தனியே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னான். நல்லெண்ணெய், வெள்ளிக்கிழமை. எனக்கு உடனே விளங்கிவிட்டது. அவனுக்கும் விளங்கியிருந்தது. ஆனால் யார் பெயரையும் அவன் சொல்லவில்லை. "நம்ம கண்ணால பாத்துட்டுப் பேசுவோம் சாரே" என்றான். அந்த வாரம் நாற்பது எண்ணெய் டின்னும் நாகர்கோவிலுக்கு வந்து சேர்ந்தது.

வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரம். நானும் அவனும் வண்டிப்புரையில் வைக்கோலுக்குப் பக்கத்தில் நின்றோம். அக்காள் வந்தாள். ஒரு கையில் விளக்கு, இன்னொரு கையில் நீள மூக்கு வைத்த பித்தளைக் கிண்டி, தோளில் துண்டுத் துணி. பானெட்டின் மேல் நாலு பிச்சிப்பூ வைத்தாள். பானெட்டைத் தூக்கிக் கம்பை முட்டுக் கொடுத்தாள். கம்பியை உருவினாள், துடைத்தாள், மறுபடி விட்டு மறுபடி உருவினாள். மூன்று வருஷம் ஜன்னலில் நின்று படித்த பாடம், ஒரு படி தப்பவில்லை. ரசலையன் வாயைப் பிளந்தான்.

"பாவம்போல" என்று வண்டியைப் பார்த்துச் சொன்னாள் அக்காள். "இம்புட்டு நீளக் கம்பில அடியில இம்புட்டுதான் நனைஞ்சிருக்கு. ஊரையெல்லாம் சுமக்குத. மூணு வருசமாப் பாக்கேன், வயிறு நெறைய ஒருத்தனும் ஊத்த மாட்டேங்கான்."

கிண்டியைச் சாய்க்கப் போனவளை ரசலையன் மெல்லக் கூப்பிட்டான். "அம்மா."

அக்காள் திடுக்கிட்டாள். ஆனால் வெட்கப்படவில்லை. "வாலே. நல்ல நாளும் பொழுதுமா நீயாக்கும் இதப் பட்டினி போடுகது?"

நான் நடுவில் புகுந்து ஏதோ உளறப் போனேன். ரசலையன் என் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"அம்மா, மாங்காய் ஊறுகாப் பரணிய விளும்பு வரைக்கும் நிறைப்பியளா?"

"கிறுக்கா உனக்கு? நிறைச்சா பொங்கி வழியாதா? கழுத்துக்கு நாலு விரக்கடை கீழ நிக்கணும்."

"அப்பம் பரணி குறையா இருக்குன்னு சொல்லலாமா?"

"அது எப்பிடிக் குறை? பரணிக்க நிறை அம்புட்டாக்கும்" என்றாள் அக்காள். சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டாள். கையில் இருந்த கம்பியைப் பார்த்தாள். விளக்கைப் பக்கத்தில் கொண்டு போனாள். "ரசலையா, இதுக்க நிறை எதுலே?"

அவன் மேல் வரையைத் தொட்டுக் காட்டினான். "இதாக்கும் அம்மா. இதுக்கு மேல போனா உள்ள அடிச்சு நொரைக்கும். பொங்கி மேல ஏறி எரியும். அதுலயும் இது நல்லெண்ணெய். அடுப்புக்குப் பயந்த எண்ணெய் இல்லதான். ஆனா இஞ்சின் சூடு அடுப்புச் சூடு இல்ல. பசையாப் பிடிச்சிரும்."

அக்காள் விரல் விட்டு எண்ணினாள். ஏழு வெள்ளிக்கிழமை. இது எட்டாவது. "அப்பம் அந்தப் பொகை?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நாளைக்கு வண்டிய விக்கதும் இதுனாலயா?"

அக்காள் வில்வண்டி நுகத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் மளமளவென்று தண்ணீர் வந்தது. எனக்குத் தாங்கவில்லை. "அக்கா, விக்கச் சொன்னது நானாக்கும்" என்றேன். உபதேசியார் போட்ட நிபந்தனையையும் சொன்னேன். உட்கார்ந்த இடத்திலிருந்தே என் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள். வலித்தது. ஆனால் மனசு கொஞ்சம் லேசாயிற்று.

"மொதலாளிட்ட சொல்லாண்டாம் அம்மா" என்றான் ரசலையன். "நாளைக்குக் காலம்பற எல்லாத்தையும் எறக்கிக் கழுவிருதேன். பொகை நின்னுட்டா மொதலாளி பின்ன எதுக்கு விக்காரு?"

எங்கள் மூன்று பேருக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

சனிக்கிழமை விடிந்ததும் திருகைக் கழற்றி எண்ணெயை இறக்கினான். ஒரு வாரம் பொடி போடாத மூக்கு. குபீரென்று வந்த வாடையில் பின்னால் சாய்ந்துவிட்டான். "சாரே, இதுல அதிரசமே சுடலாமே!" என்று கத்தினான். கடைக்காரர் தலையில் கட்டிய முப்பது டின் ஒன்று கிடந்தது. அதை ஊற்றி வண்டியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, உள்ளே இருந்த பசையைக் கழுவி இறக்கினான். முப்பதுக்கு அவன் கண்டுபிடித்த ஒரே உபயோகம் அதுதான். பிறகு நாற்பது. ஒன்று, இரண்டு என்று அக்காளே எண்ணினாள். ஏழாவது மக்கைப் பாதியில் நிறுத்தினான். இஞ்சினைக் கிளப்பினான். சத்தமே இல்லை. புகைக்குழாய்க்குப் பின்னால் நான் வெள்ளை வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேட்டி வெள்ளையாகவே இருந்தது.

மத்தியானம் நாராயணபெருமாள் பஸ்ஸில் வந்து இறங்கினார். நல்ல பருமன், நல்ல சிரிப்பு. ரசலையன் அவரையும் அத்தானையும் ஏற்றிக்கொண்டு தோவாளை வரை போய் வந்தான். இறங்கும்போதே அவர் அத்தான் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளைவாள், பொகை பொகையா வருதுன்னு எழுதியிருந்தியளே! இதுல பொட்டுப் பொகை இல்லயே. தையல் மிஷின் மாதிரிலா ஓடுது. நீங்க சொன்னதுக்கு மேலயே தாரேன். இன்னைக்கே நானே ஓட்டிக் கொண்டுபோயிருதேன். ஊர்ல எங்கிட்ட டிரைவர் இருக்கான், அதப் பத்திக் கவலைப்படாதிய."

கடைசி வாக்கியத்தை அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். அது எங்கள் தலையில் இடியாக விழுந்தது. புகையோடு இருந்தால் வேண்டாம் என்று போயிருப்பார். சுத்தம் செய்து, பொட்டு வைத்து, கையில் பிடித்துக் கொடுத்ததே நாங்கள்தான். அத்தானுக்கோ, பிறத்தியார் புகழ்ந்ததில் முகமெல்லாம் சிரிப்பு. "அதுக்கென்ன, எழுதிக்கிடுவோம்" என்று காகிதம் எடுக்கப் போனார்.

ரசலையன் துணியை எடுத்து வண்டியின் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தான். இன்னொருத்தர் கொண்டுபோகப் போகிற வண்டி.

அப்போதுதான் அக்காள் வெளியே வந்தாள். கையில் நல்லெண்ணெய்க் கிண்டி. நேராக வண்டியிடம் போனாள். பானெட்டைத் தூக்கினாள். இஞ்சின் மேல் மூடியைத் திருகினாள்.

"தூரப் பயணம் போகுல்லா. வயிறு நெறைய ஊத்தி அனுப்பணும்" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். எனக்கு உடனே புரிந்தது. ஒரு கிண்டி உள்ளே போனால் ஆரல்வாய்மொழி தாண்டுவதற்குள் நீலப்புகை வரும், நாராயணபெருமாள் திரும்பி வருவார். என் அக்காளை நான் சாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்!

கிண்டியின் மூக்கு சாய்ந்தது. முதல் சொட்டு விழும் முன் ரசலையன் பாய்ந்து வந்து உள்ளங்கையால் இஞ்சின் வாயை மூடினான். எண்ணெய் அவன் புறங்கையில் வழிந்தது.

"வேண்டாம் அம்மா."

"கைய எடுலே" என்றாள் அக்காள் பல்லைக் கடித்துக்கொண்டு. "நாளைக்கு உனக்கு மூணாவது ஓலை. புத்தி இருக்கா உனக்கு?"

"எடுக்க மாட்டேன் அம்மா. போனாப் போட்டு."

அத்தான் காகிதத்தோடு வந்தவர் அப்படியே நின்றார். "என்ன நடக்கு இங்க?" என்றார். இந்தத் தடவையும் வாயைத் திறந்தது நான்தான். ஏழு வெள்ளிக்கிழமைகளையும், நாட்காட்டித் தாள்களையும், நாளைய ஓலையையும் ஒரே மூச்சில் சொன்னேன். அக்காள் மறுக்கவில்லை. "நான்தான் ஊத்தினேன். வண்டி இங்க நிக்கணும்னா இப்பமும் ஊத்துவேன்" என்றாள்.

அத்தான் அவளைப் பார்க்கவில்லை. ரசலையனைப் பார்த்தார். அவன் கை இன்னும் இஞ்சின் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தது.

"ஏலே, வண்டி போச்சுன்னா உனக்கக் கல்யாணமும் போகும். தெரியும்லா?"

"தெரியும் மொதலாளி."

"பின்ன எதுக்குத் தடுத்த?"

ரசலையன் குனிந்து இஞ்சினைப் பார்த்தான். பிறகு, "இஞ்சின் ஒரு தப்பும் செய்யல்லியே மொதலாளி" என்றான்.

நாராயணபெருமாள் முதலில் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அத்தான் கையில் இருந்த காகிதத்தை நாலாக மடித்து இடுப்பில் சொருகினார்.

"கோலப்பா" என்று என்னைக் கூப்பிட்டார். "உள்ள போய் அண்ணாச்சிக்கு இலை போடச் சொல்லு. சாப்பிட்டதுக்குப் பொறவு ரசலையன் அவர நம்ம வண்டில பஸ்ஸுக்குக் கொண்டு விடுவான்."

நம்ம வண்டி என்று அத்தான் சொன்னதை அக்காள்தான் முதலில் பிடித்துக்கொண்டாள். கிண்டியை என் கையில் திணித்துவிட்டு அடுக்களைக்கு ஓடினாள். நாராயணபெருமாள் இரண்டு தடவை பாயசம் வாங்கிச் சாப்பிட்டார். போகும்போது டின் நிறைய முந்திரிக்கொத்தும் கொண்டுபோனார். வண்டி கிடைக்காததற்கு அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

மறுநாள் மூன்றாவது ஓலை வாசித்தார்கள். ஆட்சேபணை உண்டா என்று போதகர் கேட்டபோது உபதேசியார் வேண்டுமென்றே பெரிதாகத் தொண்டையைச் செருமியதாகவும், ரசலையன் பாதி செத்துவிட்டதாகவும் லீலாபாய் சொல்லுவாள்.

ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு எங்கள் வண்டிதான். தோவாளையில் இருந்து பூ வந்து நாலு கதவையும் மூடியது. ஆனால் வண்டியை யார் ஓட்டுவது? நாகர்கோவிலில் இருந்து அத்தான் ஒரு டிரைவரை ஏற்பாடு செய்திருந்தார். ரசலையன் அந்த ஆள் கிளட்சை மிதிக்கிற விதத்தை ஒரு தடவை பார்த்தான். கோட்டும் ரோஜாப்பூவுமாகத் தானே ஸ்டீரிங்குக்கு முன்னால் ஏறி உட்கார்ந்துவிட்டான். தன் கல்யாணத்துக்குத் தானே வண்டி ஓட்டிப் போன மாப்பிள்ளையை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"நில்லுலே" என்றாள் அக்காள். பட்டுச்சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு பானெட்டைத் திறந்தாள். கம்பியை உருவினாள். துடைக்கத் துணி தேடி, என் பையில் இருந்த புதுக் கைக்குட்டையை இழுத்துத் துடைத்தாள். மறுபடி விட்டு மறுபடி உருவி வெயிலில் பிடித்துப் பார்த்தாள். மேல் வரைக்கு ஒரு நெல்மணி கீழே எண்ணெய் மினுமினுத்தது.

"நெறைஞ்சிருக்கு" என்றாள். "வண்டிய எடு மக்கா."

நான் பின்சீட்டில் இருந்தேன். மயிலாடி போய்ச் சேரும் வரை எனக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை.